42-17=35: ஒரே தவறு, இரண்டு காரணங்கள்

குஜராத் அரசு 2000-ஆம் ஆண்டில் வடோதராவின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் நூற்றுக்குத் தலா நான்கு கணினிகளை வழங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 ஜூனில், பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அந்தக் கணினிகள் என்ன ஆயின என்று கணக்கெடுத்தது. சில பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கணினியை இயக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலான கணினிகள் வந்து இறங்கிய பெட்டியிலேயே இருந்தன. திருடு போய்விடும், பழுதாகிவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். தொட்டு இயக்கத் தெரிந்த ஆள் பள்ளியில் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

அந்தப் பெட்டிகளைப் பிரித்துத்தான், கணினியால் கணக்கு வருமா என்ற கேள்விக்கு இந்தியாவில் நடந்த முக்கியமான சோதனைகளில் ஒன்று தொடங்கியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம்: ஒரு மணி பள்ளி வேளையில், இன்னொரு மணி பள்ளிக்கு முன்போ பின்போ. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். திரையில் விளையாட்டு, கணக்கைப் போட்டால்தான் ஆட்டம் நகரும். பிள்ளை சரியாகப் போடப் போட, கணக்கும் கடினமாகிக்கொண்டே போகும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் இதை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டின் இறுதியில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் வரும் அதே திட்டவிலக்கம்தான். நடைமுறையில் இதன் பொருள்: நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை, ஏறத்தாழ 18 பேரைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. கல்வி ஆய்வுகளில் இது மிகப் பெரிய பாய்ச்சல்.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. திட்டம் நின்று ஓராண்டு ஆனபோது, அந்த ஏற்றத்தில் எஞ்சியது 0.1 அளவுதான். அடுத்தது செலவு. கணினித் திட்டத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர் ஆனது. அதே நகரத்தில் பிரதம் நடத்திய ‘பாலசகி’ திட்டத்தில், அந்தந்தப் பகுதியில் படித்த இளம்பெண் ஒருவர், மாதம் 500 முதல் 750 ரூபாய் ஊதியத்துக்கு, பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு ஆன செலவு பிள்ளைக்கு இரண்டேகால் டாலர். இரண்டாம் ஆண்டில் பாலசகி தந்த முன்னேற்றம் 0.28. போட்ட காசுக்குக் கிடைத்த பலனைப் பார்த்தால் அந்தப் பெண்தான் வென்றார்.

பள்ளிக்குக் கருவி வாங்க நினைக்கும் எந்த அரசும் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இது. வாங்கிய கணினி பெட்டியிலேயே கிடக்கலாம் என்பதும், அதே கணினி பிள்ளைகளைத் தூக்கிவிடலாம் என்பதும், தூக்கியது கைவிட்டால் இறங்கிவிடும் என்பதும், அருகில் இருக்கும் ஒரு மனிதர் அதைவிட மலிவாகப் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடலாம் என்பதும் ஒரே நகரத்தில் தெரிந்துவிட்டன.

இந்தப் பாடத்தைப் பெரு நாடு அதிக விலை கொடுத்துக் கற்றது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய முயற்சியில் மற்ற எல்லா நாடுகளையும்விட ஆர்வமாக இறங்கியது பெரு. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கி மலைக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகள்வரை கொண்டுசேர்த்தது. ஒவ்வொன்றிலும் இருநூறு மின்னூல்கள் ஏற்றப்பட்டிருந்தன. 319 பள்ளிகளில், சுமார் 15 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளைச் சோதித்தார்கள். கணக்கிலும் மொழியிலும் திட்டம் வந்த பள்ளிக்கும் வராத பள்ளிக்கும் வேறுபாடு இல்லை. பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தாமல் இல்லை, நன்றாகவே பயன்படுத்தினார்கள். பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றமும் தெரிந்தது. கணக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஏன் என்பதற்கு விடை தேட, ஒரு கழித்தல் கணக்கைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் 35 என்று எழுதும். ஆசிரியர் சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டு 25 என்று எழுதிக் கொடுப்பார். ஆனால் அந்த 35 எப்படி வந்தது? ஒரு பிள்ளை, 2-இலிருந்து 7 போகாது என்பதால் புரட்டிப் போட்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கும். பிறகு 4-இல் 1 போக 3. விடை 35. இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்குவதே தெரியாது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 12-இலிருந்து 7 போக 5 என்று சரியாகவே எழுதும். ஆனால் கடன் கொடுத்த 4 இப்போது 3 ஆகிவிட்டதை மறந்து, 4-இல் 1 போக 3 என்று எழுதிவிடும். அதற்கும் விடை 35. இரண்டு நோட்டிலும் ஒரே எண், ஒரே சிவப்புக் குறி. சொல்லிக்கொடுக்க வேண்டியதோ இருவருக்கும் வேறு வேறு.

இருவரையும் பிரித்துக் காண, இன்னொரு கணக்குக் கொடுத்தால் போதும். 50-இலிருந்து 23-ஐக் கழிக்கச் சொன்னால் முதல் பிள்ளை 33 என்றும், இரண்டாவது பிள்ளை 37 என்றும் எழுதும். சரியான விடை 27. பிள்ளைகளின் தவறுகள் மனம்போன போக்கில் வருவதில்லை, அவற்றுக்குள் ஒழுங்கான ஒரு வழிமுறை இருக்கிறது என்பதை 1978-இலேயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கழித்தல் கணக்குகளை வைத்தே விரிவாக எழுதிக் காட்டினார்கள். அனுபவம் மிகுந்த கணக்கு டீச்சருக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். ஆனால் 40 பிள்ளைகள், 45 நிமிடம், முடிக்க வேண்டிய போர்ஷன் என்று நிற்பவருக்கு, ஒவ்வொரு 35-க்கும் பின்னால் போய்ப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

கணினியால் கணக்கு வகுப்புக்கு உண்மையாகவே ஒரு நன்மை உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். அடுத்து எந்தக் கணக்கைக் கொடுத்தால் தவறின் வேர் தெரியும் என்று பார்த்துக் கொடுக்க அதற்குச் சலிப்பில்லை. நாற்பது பேருக்கும் நாற்பது விதமாகக் கொடுக்கலாம். 0.35-க்கும் 0.5-க்கும் எது பெரிது என்ற கேள்விக்கு, 5-ஐவிட 35 பெரிது என்று நினைத்து 0.35 எனப் பதிலளிக்கும் ஏழாம் வகுப்பு மாணவனைத் தசம இட மதிப்புக்குத் திருப்பி அழைத்துப்போகலாம். அசைவூட்டப் படம், பின்னணி இசை, வண்ணத் திரை ஆகியவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் படியிலிருந்து தொடங்குகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெருவின் மடிக்கணினிகளில் இந்த வேலை எதுவும் நடக்கவில்லை. வடோதராவின் எளிய விளையாட்டில் ஓரளவு நடந்தது.

டெல்லியில் இது முழு அளவில் சோதிக்கப்பட்டது. எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனத்தின் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை வைத்து நடத்தப்பட்ட மாலை மையங்களில், குலுக்கல் முறையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச இடம் தரப்பட்டது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகிய மூவரும், இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என மொத்தம் 619 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வாரம் ஆறு நாள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் பிள்ளை தனியே கணினி முன்னால். மறுபாதி நேரம் ஓர் உதவி ஆசிரியர் முன்னால், சிறு குழுவாக. ஏறத்தாழ நாலரை மாதங்களில் கணக்கில் 0.37 திட்டவிலக்கமும் இந்தியில் 0.23-உம் ஏற்றம் கிடைத்தன. அதுவும் சராசரியாக அறுபது சதவீதத்துக்கும் குறைவான வருகைப்பதிவோடு.

இந்த எண்களைவிட முக்கியமானது, முதல் நாள் சோதனையில் அந்தப் பிள்ளைகள் நின்ற இடம். ஆறாம் வகுப்பில் படிப்பவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பலகையில் இயற்கணிதம் எழுதும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிறவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு படியிலும் இருந்தார்கள். மைண்ட்ஸ்பார்க் இடம் கிடைக்காதவர்களில், மிகவும் பின்தங்கிய மூன்றில் ஒரு பங்கினர் அந்த நாலரை மாதத்தில் கணக்கில் ஏறத்தாழ எதையுமே புதிதாகக் கற்கவில்லை. பள்ளிக்குப் போனார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நோட்டில் எழுதினார்கள். வகுப்பு அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் இப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்பதை எந்தத் திட்டவிலக்கத்தாலும் அளக்க முடியாது.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதிகம் பேசப்படாதது, ஆனால் அதிகாரிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. பள்ளி நடத்திய வழக்கமான கணக்குத் தேர்வில் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. காரணம் எளியது. பள்ளித் தேர்வு எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கேட்கிறது; பிள்ளை நான்காம் வகுப்பிலிருந்து ஐந்தரைக்கு ஏறியிருக்கிறது. அந்த ஏற்றம் பள்ளித் தேர்வின் கண்ணுக்குப் படவே இல்லை. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை மதிப்பிட்டால், உண்மையில் வேலை செய்யும் திட்டத்தையும் தோல்வி என்று எழுதி மூடிவிட நேரும்.

இதே போன்ற மென்பொருளை ராஜஸ்தானின் அரசு மாதிரிப் பள்ளிகளில், பள்ளி நேரத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கி நடத்திப் பார்த்தபோது, 18 மாதங்களில் கணக்கில் 0.22 அளவுக்கு ஏற்றம் கிடைத்தது. டெல்லி மையத்தின் அளவுக்குப் பலன் இல்லைதான். ஆனாலும் அரசுப் பள்ளியின் அன்றாடத்துக்குள் நடந்த ஒன்றுக்கு இது நல்ல பலன்.

எதன் இடத்தில் கணினி வருகிறது என்பதும் பெரிய கேள்வி. குஜராத்தில் ‘ஞான் ஷாலா’ என்ற அமைப்பு நடத்தும் பள்ளிகளில் லீ லிண்டன் ஒரே கணக்கு மென்பொருளை இரண்டு விதமாகச் சோதித்தார். வகுப்பு நேரத்தில், ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாகக் கணினி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் 0.57 திட்டவிலக்கம் பின்தங்கிப்போனார்கள். பள்ளி முடிந்தபின் கூடுதலாக உட்கார்ந்த பிள்ளைகள் 0.28 முன்னேறினார்கள். மென்பொருள் ஒன்றேதான். முதல் ஏற்பாட்டில் அது நல்ல ஆசிரியர் ஒருவரின் நேரத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளிகளில் பாடம் ஏற்கெனவே நன்றாகத் திட்டமிட்டு நடத்தப்பட்டு வந்ததால் இழப்பும் பெரிதாக இருந்தது.

ஆசிரியரை விலக்காமல் அவர் கையில் ஒன்றைக் கொடுப்பது எப்படி என்பதற்கு அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2002-இல் ஏழாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் அரசே மடிக்கணினி தரத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 43 பள்ளிகளில் ‘அசிஸ்ட்மென்ட்ஸ்’ என்ற இலவச ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அதில் புதிய பாடம் கிடையாது, காணொளி கிடையாது. பாடப்புத்தகத்தில் உள்ள அதே வீட்டுப்பாடக் கணக்குகளைப் பிள்ளை கணினியில் போடும். சரியா தப்பா என்று உடனே தெரியும், மீண்டும் முயலலாம். மறுநாள் காலை ஆசிரியருக்கு ஓர் அறிக்கை வரும்: எந்தக் கணக்கைப் பாதி வகுப்பு தப்பாகப் போட்டது, பலரும் எழுதிய பொதுவான தவறான விடை எது. ஆசிரியர் வீட்டுப்பாடம் முழுவதையும் பலகையில் போட்டுக் காட்டுவதை விட்டு, அந்த ஒரு கணக்கில் நின்று பேசுவார். வாரத்தில் மூன்று நான்கு இரவு, ஒவ்வோர் இரவும் பத்து நிமிடம், அவ்வளவே. ஆண்டு இறுதியில் 0.18 திட்டவிலக்கம் ஏற்றம். பின்தங்கிய பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். அங்கும் ஒப்பிடப்பட்ட மற்ற பள்ளிகளின் பிள்ளைகள் கையிலும் மடிக்கணினி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பலனைத் தந்தது மறுநாள் காலை வந்த அந்த அறிக்கை.

தமிழ்நாடு இந்தத் துறையில் கையைச் சுருக்கிய மாநிலம் இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அது தந்த தன்னம்பிக்கையைக் குறைத்து மதிப்பிட முடியாது. புதிய பாடநூல்களில் க்யூஆர் குறிகள் வந்தன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அறிவிக்கப்பட்டன. 2023-இல் மணற்கேணி செயலி வெளியானது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பாடத்தைப் பிள்ளையிடம் கொண்டுசேர்ப்பவை. பிள்ளை எங்கே நிற்கிறது என்ற செய்தியை ஆசிரியரிடம் திருப்பிக் கொண்டுவருபவை குறைவு.

திரையில் பாடம் ஓடினால் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கொரோனா காலத்தில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அந்த மாதங்கள் முழுக்கக் கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் பாடங்கள் வந்துகொண்டிருந்தன. பள்ளி திறந்த பிறகு, 2019-இல் ஏற்கெனவே விவரம் சேகரித்து வைத்திருந்த கிராமங்களுக்கே மீண்டும் போய், சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள் அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர். அதே வயதுப் பிள்ளைகள் 2019-இல் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் மொழியில் 0.34 திட்டவிலக்கம் சரிவு, கணக்கில் 0.7. ஏறத்தாழ இரு மடங்கு.

கணக்கு மட்டும் ஏன் இப்படி விழுந்தது? தமிழ் வீட்டில் இருக்கிறது, தெருவில் இருக்கிறது, பேருந்தின் பெயர்ப்பலகையிலும் கடைச் சுவரிலும் இருக்கிறது. பின்னத்தைக் கூட்டுவதும், இரண்டு இலக்க எண்ணால் வகுப்பதும் பள்ளிக்கு வெளியே பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்காது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த இடத்துல என்னப்பா பண்ணுன, சொல்லு’ என்று கேட்டால்தான் அது வரும்.

அதைக் கேட்க ஆள் வந்தபோது கணக்கும் திரும்பி வந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் கால் பங்குக்குச் சற்றே குறைவு, அதாவது 24 சதவீதம், ‘இல்லம் தேடிக் கல்வி’ மையங்களால் வந்தது என்று அதே ஆய்வு கணக்கிட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, வீட்டுத் திண்ணை, இருபது பிள்ளைகள், பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே வாழும் ஓர் ‘அக்கா’. வடோதராவின் பாலசகி செய்ததை, சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களைக் கொண்டு மாநிலம் முழுக்கச் செய்துகாட்டியது தமிழ்நாடு. கல்விக்காக இந்த மாநிலம் அண்மைக் காலத்தில் செலவழித்த பணத்தில் இவ்வளவு தெளிவாகப் பலன் நிறுவப்பட்டது வேறு எதுவும் இருக்குமா என்பது ஐயமே.

இப்போது கைபேசிக்குள்ளேயே டியூஷன் மாஸ்டர் வந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு எந்தக் கணக்கையும் நொடியில் படிப்படியாகப் போட்டுத் தருகிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம், 2023-இல் நடந்த சோதனையை இங்குள்ள ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு, கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் சாட்ஜிபிடி போன்ற வசதி. இன்னொரு பிரிவுக்கு, விடை தராமல் ஆசிரியர் எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் தரும் வசதி. மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும். பயிற்சியின்போது முதல் பிரிவின் செயல்பாடு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவினது 127 சதவீதமும் கூடியது. பிறகு அந்த வசதியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடையை அப்படியே வாங்கிப் பழகிய பிரிவு, நோட்டில் போட்டுப் பழகியவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சேதம் நேரவில்லை. ஆனால் பெரிய இலாபமும் இல்லை. விடை வாங்கிப் பழகியவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதையே உணரவில்லை என்பதுதான் இதில் மிகவும் கவலை தரும் செய்தி.

கணக்கில் திணறும் அந்தச் சில நிமிடங்கள்தான் கற்கும் நேரம். பேனாவை வைத்துவிட்டு மேலே பார்க்கும் நேரம், அடித்துவிட்டு மறுபடி எழுதும் நேரம். அதைப் பிள்ளையிடமிருந்து பறிக்கும் எந்த வசதியும், எவ்வளவு அன்போடு பேசினாலும், கணக்குக்கு எதிரானது.

கையில் கைபேசி இருக்கிறது, ஆனால் அது கணக்குக்குப் போவதில்லை என்பது வேறொரு சிக்கல். பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கும் அசர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் படிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்கு 76 சதவீதம். அதே அறிக்கையில், ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டு ஒரு வகுத்தல் கணக்கைச் சரியாகப் போட முடிந்தவர்கள் வெறும் 30.7 சதவீதம். 2022-இல் நடந்த பன்னாட்டு பிசா தேர்வும் இதையொட்டிய செய்தியைச் சொல்கிறது. பள்ளியில் கற்றலுக்காக நாளுக்கு ஒரு மணி நேரம் வரை கருவிகளைப் பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணக்கில் 14 புள்ளி கூடுதலாகப் பெற்றார்கள். கணக்கு வகுப்பில் பக்கத்தில் இருப்பவரின் கருவியால் கவனம் சிதறியதாகச் சொன்னவர்களோ 15 புள்ளி குறைவாகப் பெற்றார்கள். இவை ஒப்பீடுகள்தாம், இது இருந்ததால் அது வந்தது என்று இவற்றிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அளவு முக்கியம், வகுப்பறையின் ஒழுங்கு முக்கியம் என்பதைப் புறந்தள்ளவும் முடியாது.

விற்பவர்களிடம் சான்று கேட்கும் பழக்கம் உலகில் எங்குமே குறைவு. யுனெஸ்கோவின் 2023 அறிக்கை, பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் குலுக்கல் முறைச் சோதனை நடத்தியவை 7 சதவீதமே என்று குறிப்பிட்டது. இந்தியாவில், ஒரு கட்டத்தில் 22 பில்லியன் டாலர் மதிப்பு பேசப்பட்ட கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ், 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. சந்தாத் தொகையைத் தவணையில் கட்டிய நடுத்தரக் குடும்பங்கள் அந்தச் செயலியால் பிள்ளையின் கணக்கு எவ்வளவு முன்னேறியது என்று கேட்டு, தெளிவான பதில் வாங்கிய பிறகா பணம் கட்டின? மென்பொருளின் பலனைக் காட்டும் ஆய்வுகளிலும் ஓர் உள்விவரத்தைப் பார்க்க வேண்டும். பரிந்துரைத்த அளவுக்குப் பயன்படுத்திய பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று அவை சொல்லும். அந்த அளவுக்குப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர் என்று தேடினால் பல ஆய்வுகளில் ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருப்பார்கள் என்று லாரன்ஸ் ஹோல்ட் 2024-இல் எடுத்துக்காட்டினார். அந்த ஐந்து சதவீதத்தினர் பெரும்பாலும் எப்படியும் படித்துவிடக்கூடிய பிள்ளைகள். கடைசிப் பெஞ்சுப் பிள்ளை செயலியைத் திறக்கவே இல்லை. திறக்கவைக்க, பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குவதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்பக் கற்பிக்கச் சொல்கிறது. ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே படியில் இல்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். 2025-இல் ‘திறன்’ என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்கான அடிப்படைப் பயிற்சியும் வந்தது. டெல்லி ஆய்வு இடைவெளி விரிவதாகச் சொன்ன வகுப்புகள் இவைதாம்.

ஹைடெக் லேபின் கணினிகள் இந்த வகுப்புகளின் கணக்குக்குத் திருப்பப்பட வேண்டும். ஆறாம் வகுப்புக்கு வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 45 நிமிடம். பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கும் தமிழ்வழி மென்பொருள். 42-17-க்கு 35 என்று எழுதியவர்களில் யார் கடன் வாங்கத் தெரியாதவர், யார் கடன் கொடுத்ததை மறந்தவர் என்று பெயரோடு பிரித்துச் சொல்லும் ஒரு பக்க அறிக்கை மறுநாள் காலை கணக்கு டீச்சர் கையில். அதைப் பார்த்து அவர் இரண்டு சிறு குழுக்களோடு தனித்தனியே உட்கார்ந்து பேச, போர்ஷனிலிருந்து கழித்துத் தரப்பட்ட நேரம். கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்கக் கடினமானது. எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் வேலையே வகுப்பு நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகின்றன. புதிய மென்பொருளும் ஆசிரியர் நிரப்ப வேண்டிய இன்னொரு படிவமாக வந்தால், அது வராமலே இருக்கலாம்.

மாநிலம் முழுமைக்கும் ஒரே ஆணையில் வாங்குவதற்கு முன், குலுக்கிப்போட்டு எடுத்த இருநூறு பள்ளிகளில் ஓராண்டு நடத்தி, மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோதனைத்தாள் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் படியை அளப்பதாக இருக்க வேண்டும். விற்கும் நிறுவனம் அதைத் தயாரிக்கக் கூடாது. இல்லம் தேடிக் கல்வி அக்காக்களை மட்டும் கொண்டு, கணினியே இல்லாமல், அதே ஆண்டில் இன்னும் இருநூறு பள்ளிகளில் அதே பயிற்சியைக் கொடுத்து இரண்டின் செலவையும் பலனையும் அருகருகே வைக்க வேண்டும். திட்டங்களை இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே 2014-இல் ஜே-பால் ஆய்வு மையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மாநிலம் இது. 19,000 பிள்ளைகளின் கணக்கை வீடு வீடாகப் போய் அளந்த அனுபவமும் இந்த மண்ணில் இருக்கிறது. ஹைடெக் லேப்களுக்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் எத்தனை கணினி, எத்தனை அங்குலத் திரை என்ற வரிகளுக்கு மேலே இந்தச் சோதனைக்கான நிபந்தனையை எழுதிச் சேர்க்க, தனிச் சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.